சலாபத்தின் ஏடும் சலாபத்தாரின் அறிவும்

ஈழத்தின் வடமேற்குக் கரையோரத்தின் பொருளாதார வரலாற்றை எழுதப் புகுவோர் முத்துச் சலாபத்தை ஒதுக்கிவிட்டு எழுதுதல் இயலாது. 1560இல் மன்னாரைக் கைக்கொண்ட போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களிடமிருந்து அதனைக் கவர்ந்த ஒல்லாந்தரும், 1795இல் அங்கு வந்த ஆங்கிலேயரும் இக்கடலின் முத்தையே முதன்மையான செல்வமாகக் கருதினர். ஆகவே சலாபத்தைப் பற்றிய நூல்களும் அறிக்கைகளும் பலவாகும். அவற்றுட் பெரும்பாலானவை வருமானம் எவ்வளவு, அது எவர் கைக்குச் சென்றது என்பனவற்றையே விரித்துரைக்கின்றன. அந்த வேலை எவ்வாறு நடைபெற்றது, அதன் ஒவ்வொரு படியிலும் எவருடைய அறிவு முடிவாக மாறியது, அதனைத் திருத்தியமைக்க முயன்றோர் எங்கே வென்றனர், எங்கே தோற்றனர் என்னும் வினாக்கள் அத்துணை கவனம் பெற்றில. அவ்வினாக்களை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்னார்ப் பெருநிலப்பகுதியிற் பெரியமடு போன்று குளத்தை நம்பிய ஊர்களிலே, விதைப்புத் தொடங்குமுன் கமக்காரர் கூட்டம் கூடுதல் வழக்கம். குளத்தில் நிற்கும் நீர் எவ்வளவு, மழை இன்னும் எவ்வளவு கிடைக்கலாம், எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்நாளில் நீரைத் திறக்கலாம் என்பன அங்கே முடிவாகும். வாய்க்கால் துப்புரவாக்குதலும் வரம்பு கட்டுதலும் எவருக்கும் கற்பிக்கக்கூடிய வேலைகள். நீரையும் வானையும் பார்த்து விதைப்பின் அளவை முடிவு செய்தல் அவ்வாறு கற்பிக்கக்கூடியதன்று. அது பல ஆண்டுப் பழக்கத்தினால் வருவது. ஆண்டுக்கு ஆண்டு வேறுபடுவது. பலர் கூடிப் பேசித் துணிவது. இத்தகைய துணிபுகளையே முதுகெலும்பாகக் கொண்ட வேலையொழுங்கினை அறிவுசார் செயன்முறை எனலாம்.

இவ்விருவகை வேலைகளுக்குமிடையேயுள்ள வேறுபாடு இருபதாம் நூற்றாண்டின் நிருவாகவியலில் மெல்ல மெல்லவே தெளிவுபெற்றது. 1911இல் அமெரிக்கரான பிரெடெரிக் டெயிலர் வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கடிகாரத்தால் அளந்து திருத்தலாம் என எழுதினார். மைக்கேல் பொலானி 1966இல் வெளியிட்ட நூலிலே, நாம் சொல்லக்கூடியதிலும் அதிகமாக அறிந்துவைத்திருக்கின்றோம் என்னும் கருத்தினை நிறுவினார். யப்பானியரான நொனாக்கா, தக்கேயுச்சி ஆகியோர் 1995இல், சொல்லப்படாத அறிவு நிறுவனத்தினுள் எவ்வாறு சொல்லப்பட்ட அறிவாக மாறுகின்றது என்பதனை விளக்கினர். இவர்கள் தொழிற்சாலையையும் ஆய்வுகூடத்தையும் கொண்டு ஆராய்ந்த சிக்கல், இவர்களுக்கு நெடுங்காலம் முன்னரே எமது கடற்கரையிலே தோன்றிவிட்டது.

பார் பார்த்தல்

முத்துச்சிப்பி வாழும் கடலடித் திட்டினைப் பார் என்பர். அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி ஆகிய கரையூர்களுக்கு மேற்கே, கடலினுள் பெரிய பார், செவல் பார், மோதரகம் பார் முதலிய பார்கள் உள. பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம் வரையான ஆழத்தில் அவை கிடக்கின்றன. சிப்பி நான்கு அல்லது ஐந்து வயதினை அடையும்போதே அதனுள் விலைபெறும் முத்து விளைந்திருக்கும். அதற்கு முன்னர் எடுத்தால் முத்துச் சிறுத்திருக்கும். பின்னர் எடுக்கலாம் என விட்டால் சிப்பி இறந்து, முத்துக் கடலடி மணலோடு போய்விடும். எனவே சலாபம் முழுவதும் ஒரே வினாவில் தங்கியிருந்தது: இவ்வாண்டு குளிக்கலாமா, அடுத்த ஆண்டு வரை பொறுக்கலாமா?

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கென ஆங்கில அரசாங்கம் பார்களின் பரிசோதகர் என்னும் பதவியினை வைத்திருந்தது. பருவக்காற்றுக்கு இடைப்பட்ட அமைதியான காலங்களில் அவர் படகுகளுடன் சென்று பார்களைச் சோதிப்பார். குளியாளர் பல இடங்களில் மூழ்கி, ஒரு மூழ்கலில் எத்தனை சிப்பி கிடைத்தது, அவற்றின் வயது யாது, அடித்தளம் பாறையா மணலா என்பனவற்றைக் கூறுவர். பரிசோதகர் அவற்றைப் படத்திற் குறிப்பார். பின்னர் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களைச் சுதேச மதிப்பாளர் மூலம் மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறுமதி எனக் கணிப்பர். அக்கணிப்பு நன்றாக இருப்பின், சலாபம் நடைபெறும் என்னும் அறிவித்தல் இலங்கையிலும் தென்னிந்தியக் கரையிலும் பரவும்.

இப்படிமுறையை உற்று நோக்கின் ஓர் உண்மை புலப்படும். படத்தினை வரைந்தவர் பரிசோதகர். கடலடியைக் கண்டவர் குளியாளர். பாரின் எல்லையை அறிந்து படகுகளை அங்கு இட்டுச்சென்றோர் அடப்பனார் எனப்பட்ட உள்ளூர் வழிகாட்டிகள். முத்தின் விலையைச் சொன்னோர் செட்டிமாரும் முஸ்லிம் வணிகருமாவர். அரசாங்கத்தின் முடிவு எனப்பட்டது உண்மையில் இம்மூவகையினரின் அறிவும் ஒரு தாளிலே வந்து கூடிய இடமேயாகும். தாளிலே பரிசோதகரின் கையொப்பம் இருந்தது. ஏனையோரின் பெயர்கள் இருந்தமை அரிது.

கடலிலும் கொட்டிலும்

சலாபம் தொடங்கியதும் வெற்று மணற்கரையிலே ஒரு நகரம் எழும். மரிச்சுக்கட்டியிலே 1905ஆம் ஆண்டில் நடைபெற்ற சலாபத்தின்போது அங்கே ஏறத்தாழ 40,000 மக்கள் கூடியிருந்தனர். 300க்கு மேற்பட்ட படகுகளும் ஏறத்தாழ 5,000 குளியாளரும் வேலையில் ஈடுபட்டனர். கீழக்கரை, தொண்டி, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய இடங்களிலிருந்து வந்த பரதவரும் முஸ்லிம்களும் மட்டுமன்றி, பாரசீகக் குடாவிலிருந்து வந்த அரபியரும் அவர்களுள் இருந்தனர். நள்ளிரவின் பின்னர் கரைக்காற்றோடு புறப்படும் படகுகள் விடியலிற் பாரினை அடையும். நண்பகலளவிற் குளிப்பு நிறுத்தப்பட, கடற்காற்றோடு கரை திரும்பும். இயற்கையின் இருவேறு காற்றுகளே அன்றைய வேலைநேரத்தை வகுத்தன.

படகொன்றிலே பொதுவாகப் பத்துக் குளியாளரும், அவர்களுக்குக் கயிறு பிடிப்போர் பதின்மரும், தண்டலும், சம்மாட்டியும், நீர் இறைப்போனும் இருப்பர். குளியாளர் இருவருக்கு ஒரு கல். ஒருவர் மூழ்க மற்றவர் இளைப்பாறுவார். ஒரு நிமிட அளவான மூழ்கலுள் முற்றிய சிப்பியைத் தெரிந்து கூடையில் இடவேண்டும். அவ்வேளையில் அவரை மேற்பார்வை செய்ய எந்த உத்தியோகத்தராலும் இயலாது. காணமுடியாத வேலைக்கு நாட்கூலி கொடுத்து நல்ல பயன் பெறுதல் அரிது. குளியாளருக்குக் கூலிக்குப் பதிலாகச் சிப்பியிலேயே பங்கு கொடுக்கப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாதல் வேண்டும்.

அப்பங்கீட்டு முறையே சலாப நிருவாகத்தின் மிகச் சிறந்த கூறு எனலாம். கரை சேர்ந்த சிப்பிகள் கொட்டு எனப்பட்ட வேலியடைத்த வளவுக்குக் கொண்டுசெல்லப்படும். அங்கே குளியாளரே அவற்றை மூன்று குவியல்களாகப் பிரிப்பர். அவற்றுள் அரசாங்கத்துக்குரிய இரண்டு எவை என்பதனை உத்தியோகத்தர் காட்டுவார், எஞ்சியது குளியாளருக்கு. பிரிப்பவருக்குத் தெரியும் உரிமை இல்லை. தெரிபவருக்குப் பிரிக்கும் உரிமை இல்லை. ஆதலாற் குவியல்களைச் சமமாக்குதல் பிரிப்பவருடைய நன்மையேயாயிற்று. இலட்சக்கணக்கான சிப்பிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் தேவையை ஓர் எளிய விதி நீக்கிவிட்டது. அரசாங்கத்தின் பங்கு மாலையிலே ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விற்கப்படும். முன்னைய நாட்களில் வாங்கிய சிப்பியில் எவ்வளவு முத்துக் கிடைத்தது என்னும் செய்தி முகாமெங்கும் பரவ, ஏலவிலை நாளுக்கு நாள் ஏறியும் இறங்கியும் செல்லும். பாரினைப் பற்றி அன்றாடம் பெருகும் அறிவு விலையாக வெளிப்பட்டது.

இங்கே கடல்கட்டி என்போரைப் பற்றியும் கூறுதல் வேண்டும். சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுவதாக நம்பப்பட்ட இவர்கள் பரம்பரையாக அப்பணியைச் செய்தனர். அரசாங்கமும் அவர்களை அமர்த்தி வைத்திருந்தது. எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட தம் நூலிலே, தாம் அறிந்த கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர் எனக் குறிப்பிடுகின்றார். செலவினைக் குறைக்க விரும்பும் ஆலோசகர் ஒருவர் சலாபத்தின் கணக்கைப் பார்த்தால், முதலில் நீக்கவேண்டிய பதவி இதுவே என்பார். ஆயின் கடல்கட்டி இல்லாமற் குளியாளர் நீரில் இறங்கமாட்டார்கள் என்பதனை உத்தியோகத்தர் அறிந்திருந்தனர். மந்திரத்தில் நம்பிக்கை இல்லாத அரசாங்கம் அம்மந்திரத்துக்குச் செலவிட்டமை மூடத்தனமாகாது. ஒரு செயன்முறையின் பகுதி எதற்குப் பயன்படுகின்றது என்பது அதன் பெயரைக் கொண்டு அறியத்தக்கதன்று.

கூடையும் செவ்வும்

அழுகிய சிப்பிகளிலிருந்து கழுவி எடுத்த முத்துக்களை மதிப்பிடும் முறை தமிழ் வணிகரின் நெடுங்கால ஆக்கமாகும். பத்துப் பித்தளைச் சல்லடைகள் கொண்ட தொகுதியொன்றினால் முத்துக்கள் பருமன்வாரியாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு சல்லடையும் அதிலுள்ள துளைகளின் எண்ணிக்கையால், 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1,000 எனப் பெயர்பெற்றது. அதன்பின்னர் உருண்டையும் ஒளியும் நோக்கி, ஆணி முதல் தூள் வரை தரம் வகுக்கப்பட்டது. நிறுத்தற்குக் கழஞ்சும் மஞ்சாடியும் பயன்பட்டன.

உயர்தர முத்தின் விலையைச் செவ்வு என்னும் அளவினாற் கணித்தனர். முத்துக்களின் மொத்த நிறையை மஞ்சாடியிற் கண்டு, அதனை அதனாலேயே பெருக்கி, முக்கால் மடங்காக்கி, முத்துக்களின் எண்ணிக்கையால் வகுக்கச் செவ்வு கிடைக்கும். இரண்டு மஞ்சாடி நிறையுள்ள ஒரு முத்துக்கு மூன்று செவ்வு. ஒவ்வொன்றும் ஒரு மஞ்சாடி நிறையுள்ள இரு முத்துக்களுக்கு ஒன்றரைச் செவ்வு. மொத்த நிறை ஒன்றாயினும் பெறுமதி பாதியாகின்றது. பெரிய முத்து அரியது என்னும் வணிக அனுபவத்தை இச்சூத்திரம் ஒரு வரியில் அடக்கிவிட்டது.

சூத்திரத்தாற் சொல்லக்கூடியதும் சொல்லமுடியாததும் இங்கே அருகருகே நிற்பதனைக் காணலாம். சல்லடையும் தராசும் எவர் கையிலும் ஒரே விடையைத் தரும். இது ஆணியா, அதற்கு அடுத்த தரமா என்பதனை மதிப்பாளரின் கண்ணே துணியவேண்டும். கணக்கை விதியாக்கி, கண்ணைக் கண்ணாகவே விட்டுவைத்தமையால் அம்முறை நீடித்தது. ஆங்கிலேயரும் இதனை மாற்றாது ஏற்றுக்கொண்டனர்.

திருத்த முயன்றோர்

ஆட்சியின் தொடக்கத்திலே ஆங்கிலேயர் 1796, 1797, 1798 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து குளிப்பித்துப் பெருவருமானம் பெற்றனர். பின்னர் பார்கள் வறண்டன. 1798இல் வந்த தேசாதிபதி நோர்த் சலாபத்தை மேற்பார்வை செய்வதற்கென அரிப்பிலே கட்டிய மாளிகையின் இடிபாடுகள் கடலரிப்புக்கு உட்பட்டு நிற்கின்றன. 1838 முதல் 1854 வரை 17 ஆண்டுகள் சலாபமே நடைபெறவில்லை. மீண்டும் 1864 முதல் 1873 வரையும், 1892 முதல் 1902 வரையும் பார்கள் பயன் தரவில்லை.

இவ்வறட்சியே ஆய்வுக்குத் தூண்டுகோலாயிற்று. பார்களின் பரிசோதகராயிருந்த ஜேம்ஸ் ஸ்ரூவாட் 1843இல் சலாபத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இலங்கையிற் பிறந்த மருத்துவரும் இயற்கையறிஞருமான கெலாட் 1857 தொடக்கம் சிப்பியின் வாழ்க்கையை ஆராய்ந்து, அது பற்றியுள்ள இழைகளை விட்டுவிட்டு இடம்பெயரக்கூடியது என்பதனைக் கண்டார். 1902இல் லிவர்ப்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேட்மன் தம் உதவியாளர் ஹோர்னெலுடன் வந்து பார்களை விரிவாக ஆராய்ந்தார். அவருடைய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது.

அவ்வறிக்கையிலே பெரிய பாரினைப் பற்றிய பகுதி எம் நோக்கத்துக்கு மிக இன்றியமையாதது. 1880 தொடக்கம் இருபத்துநான்கு ஆண்டுகளில் அப்பாரிலே குறைந்தது பதினொரு தடவை இளஞ்சிப்பி நிரம்பியிருந்தும், ஒரு தடவையேனும் குளிப்புக்கு உதவவில்லை. உள்ளூரார் அதனைத் தாய்ப்பார் என்றனர். அங்கு தோன்றி மறையும் இளஞ்சிப்பிகள் உட்பார்களுக்குச் சென்று அவற்றை நிரப்புகின்றன என்பது அவர்கள் எண்ணம். ஹேட்மன், தென்மேற்குப் பருவக்காற்றுக்கு நேரே கிடக்கும் அப்பாரிலிருந்து அவை அடித்துச் செல்லப்பட்டு அழிகின்றன எனக் கருதினார். ஆகவே அழியுமுன் அவற்றை அள்ளி, பாதுகாப்பான உட்பார்களில் இடவேண்டும் என விதந்துரைத்தார். பெரிய பாரிலே சிப்பி தோன்றும், தங்காது என்னும் காட்சியில் இருசாராரும் ஒன்றுபட்டனர், காரணத்திலேயே வேறுபட்டனர். உள்ளூர் அறிவு முழுவதும் சரியானதென்றோ விஞ்ஞானம் முழுவதும் சரியானதென்றோ கொள்வதற்கில்லை. நாடாப்புழுவின் இளம் பருவமே முத்துக்குக் காரணம் என ஹேட்மன் வலியுறுத்திய கொள்கையும் பின்னர் நிலைக்கவில்லை. இரண்டும் ஒன்றையொன்று சோதித்த இடத்திலேதான் பயனுள்ள விதந்துரை பிறந்தது.

குத்தகையின் பாடம்

1903 தொடக்கம் பார்கள் மீண்டும் செழித்தன. 1905இல் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் வருமானம் கிடைத்தது. அதற்குமுன் அத்தகைய தொகை சலாபத்திற் கிடைத்ததில்லை. செழிப்பின் உச்சத்திலே, 1906இல், பார்கள் இலண்டன் முதலீட்டாளரின் கம்பனி ஒன்றுக்கு 20 ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபாவாகக் குத்தகைக்கு விடப்பட்டன. ஹேட்மனின் விதந்துரைகளைச் செயற்படுத்தி, சிப்பியை இடமாற்றி வளர்ப்பதும் கம்பனியின் பொறுப்பாயிற்று. விஞ்ஞானம், மூலதனம், நீராவிக்கப்பல் ஆகிய மூன்றும் ஒன்றுகூடின. 1907இன் பின்னர் குளிப்பதற்குச் சிப்பி இருக்கவில்லை. இருபது ஆண்டுகள் நிறைவெய்து முன்னரே கம்பனி கலைந்தது. அடுத்த பெருங்குளிப்பு 1925இலேயே நடைபெற்றது.

இத்தோல்விக்கு விஞ்ஞானத்தையோ பேராசையையோ மட்டும் காரணமாக்குதல் பொருந்தாது. பார்கள் வறண்டமைக்குக் காற்றும் நீரோட்டமும் மணலும் சிப்பியுண்ணும் திருக்கை மீன்களும் காரணமாயிருந்தன என்பதை ஆய்வாளர் ஒப்புக்கொள்கின்றனர். கேட்கவேண்டிய வினா வேறு. 17 ஆண்டு, 10 ஆண்டு, 11 ஆண்டு என வறட்சி வந்த வரலாறு அரசாங்கத்தின் ஏடுகளிலே தெளிவாக இருந்தது. சென்ற நூற்றாண்டில் எந்த இருபது ஆண்டுப் பகுதியை எடுத்தாலும், குளிப்பற்ற ஆண்டுகள் பல இருத்தலை எவரும் எண்ணிப் பார்த்திருக்கலாம். அவ்வாறிருந்தும் ஆண்டுதோறும் மாறாத குத்தகைப் பணம் எழுதப்பட்டது. பொறுத்தலும் ஒரு முடிவு என்பதே பார் பார்த்தலின் உயிர்நாடி. நிலையான ஆண்டுக் கட்டணம் பொறுத்தலை நட்டமாக்கிற்று. சலாபத்தின் ஏனைய படிகள் எல்லாவற்றையும் திருத்த முயன்ற ஒப்பந்தம், அவற்றுக்கெல்லாம் மூலமான அந்த வினாவுக்கு இடம்வைக்கவில்லை. ஏட்டில் இருந்த அறிவு ஒப்பந்தத்தை எழுதிய கையினை எட்டவில்லை.

இதனைக் கொட்டின் பங்கீட்டோடு ஒப்பிடுக. அங்கே விதியானது அறிந்தவனின் நன்மையையும் அரசாங்கத்தின் நன்மையையும் ஒரே திசையிற் செலுத்திற்று. குத்தகையிலே அறிவு ஒரு பக்கமும் பணத்தின் நெருக்கடி மறுபக்கமும் நின்றன. ஒரு நிறுவனத்தின் செயன்முறையைத் திருத்த விரும்புவோர் முதலில் அறியவேண்டியது, அதன் முக்கியமான துணிபு எங்கே, எவரால், எதனை அறிந்து செய்யப்படுகின்றது என்பதாகும். கண்ணுக்குத் தெரியும் படிகளை விரைவாக்குதல் அதன் பின்னரே வரவேண்டும்.

எஞ்சியவை

1925இன் பின்னர் மன்னார்க் கடலிலே பழைய அளவிலான சலாபம் நடைபெறவில்லை. யப்பானிய வளர்ப்பு முத்துச் சந்தையை நிறைத்தமையால் இயற்கை முத்தின் விலையும் வீழ்ந்தது. தூத்துக்குடிக் கரையிலும் 1955 தொடக்கம் 1961 வரை நடைபெற்ற குளிப்புகளே இறுதியானவை. அங்கே 1973இல் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தினை ஆக்குவதில் வெற்றி பெற்றனர். அறிவு அங்கே வேறொரு செயன்முறையினுட் புகுந்து உயிர்வாழ்ந்தது. எமது கரையில் அத்தகைய தொடர்ச்சி அமையவில்லை. 1990இல் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முசலிப் பகுதியின் கரையூர்கள் பலவும் வெறுமையாயின. 2009 வரை நீடித்த போரிலே ஏனைய ஊர்களும் பன்முறை இடம்பெயர்ந்தன. பாட்டனிடமிருந்து பேரனுக்குச் செல்லவேண்டிய கடலறிவின் வழி இவ்வாறு பல இடங்களில் அறுந்தது.

ஏடுகளோ அழியவில்லை. எத்தனை சிப்பி, எத்தனை படகு, எத்தனை ரூபா என்பனவற்றை இன்றும் நாம் வாசிக்கலாம். குறித்த ஓர் ஆண்டிலே, இன்னும் ஓராண்டு பொறுக்கலாம் என்று சொன்ன அடப்பனார் எதனைக் கண்டு அவ்வாறு சொன்னார் என்பதனை வாசிக்க இயலாது. அவர் கூற்றின் முடிவே பதியப்பட்டது, காரணம் பதியப்படவில்லை. செயன்முறை இயங்கிக்கொண்டிருந்த வரையில் அக்குறை எவருக்கும் தோன்றவில்லை. அறிந்தவர் அடுத்த படகிலேயே இருந்தார். இயக்கம் நின்றபின்னரே ஏட்டின் வெற்றிடம் புலனாயிற்று.

இது கடலுக்கு மட்டும் உரிய செய்தியன்று. பெரியமடுக் குளத்தின் நீரைப் பார்த்து விதைப்பின் அளவைச் சொல்லும் முதியவரின் கூற்றும், கச்சேரியிலே பழைய கோவையை எடுத்து இதற்கு முன்னர் என்ன செய்தோம் எனச் சொல்லும் எழுதுவினைஞரின் நினைவும் இதே வகையினவாம். கூட்ட அறிக்கையிலே எத்தனை ஏக்கர் என்பது எழுதப்படுகின்றது; ஏன் அத்தனை ஏக்கர் என்பது எழுதப்படுவதில்லை. கலைப்பீட மாணவராகிய நாம் விடுமுறையில் எம் ஊர்களுக்குச் செல்லும்போது, அந்த ஏன் என்னும் வினாவை உரியவரிடம் கேட்டு, அவர் பெயரோடும் அவர் சொன்ன காரணத்தோடும் எழுதிவைத்தல் கூடும். வரலாற்றுத் துறை எம்மிடம் வேண்டும் பணிகளுள் இதுவும் ஒன்றாகும். அதற்குரிய காலம், சொல்லக்கூடியவர் உயிரோடு இருக்கும் காலமே.